மடி விரித்த ஞாயிறுகள்

புளித்த கேழ்வரகு மாவு பெரிய அண்டாவில் கொதிக்கும்போது, அடியில் லேசாகப் பிடித்து, விறகுப் புகையும் சேர்ந்துகொண்டு ஒரு வாசனை வரும்; அது மூக்கில் ஏறினால் இந்த வயதிலும் எனக்கு முதலில் பசிக்கும், அடுத்த நொடி வெட்கமாக இருக்கும். பசியைப் பற்றி என் பிள்ளைகளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட. வெட்கத்தைப் பற்றிச் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் நீலசந்திரா என்ற பேட்டையில், இருபது வீடுகள் இருந்த ஒரு குறுகலான சந்தில் ("கல்லி" என்போம்) குடியிருந்தோம். ஆண்களில் பாதிப் பேருக்கு ஒரே நூல் மில்லில் வேலை, என் அப்பாவுக்கும் அங்கேதான். ஓர் ஆனி மாதம் மில்லின் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று ஆண்கள் தினமும் காலையில் குளித்து, தலை வாரி, கேட் வரைக்கும் நடந்து போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

ஆடி பிறந்ததும் என் அம்மா மாரியம்மனுக்கு மடிப்பிச்சை வேண்டிக்கொண்டாள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நோய் தீர்ந்தவர்கள், பிள்ளை வரம் கேட்டவர்கள் மஞ்சள் சேலை உடுத்தி, முந்தானையை மடியாக விரித்து, வீடு வீடாகப் பாடித் தானியம் வாங்கி, அதைக் கூழாகக் காய்ச்சி ஊருக்கு ஊற்றுவார்கள். வசதியுள்ளவர்களும் செய்கிற நேர்த்திக்கடன்தான், அதில் இழிவு ஒன்றும் கிடையாது. அந்த வருஷம் எங்கள் கல்லியின் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டார்கள். யாருக்கு என்ன நோய் தீர்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிறு காலையில் முனிசாமி அண்ணன் பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். அவரும் மில்காரர்தான். அம்மா எடுத்துக்கொடுக்க, பெண்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். "மடி விரிச்சு வந்தாளே மாரியாத்தா, மகராசி வாசலிலே நின்னாளே" என்று அம்மா தொடங்கும்போது, வீட்டில் என்னைத் திட்டுகிற அதே தொண்டையா இது என்று நான் வாயைப் பிளப்பேன். எங்கள் கல்லியிலும் ஒரு வீடு விடாமல் நிற்பார்கள். ஒன்றும் இல்லாத வீட்டில் பாடுகிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், அதுவும் கணக்குதான். கிடைத்த கேழ்வரகெல்லாம் அம்மன் கோயில் பானைக்குள் போகும். வாரம் முழுக்க மதியத்தில் ஒரே அண்டா, எல்லோருக்கும் கூழ். கையில் கொஞ்சம் அரிசி வைத்திருந்த வீடும் தனியாகச் சமைக்கக்கூடாது. அதனால் யார் பக்திக்குக் குடிக்கிறார்கள், யார் பசிக்குக் குடிக்கிறார்கள் என்று அந்த ஆத்தாவுக்கே தெரிந்திருக்காது.

கேட்கக் கூச்சப்பட்ட ஒரு பெண்ணிடம் அம்மா, "கேக்கறது நாம இல்லடி, ஆத்தா கேக்கறா. நீ நல்லா நிமிந்து பாடு" என்றது நினைவிருக்கிறது.

ஆடி முடிந்தது. மில் திறக்கவில்லை. வேண்டுதலும் முடியவில்லை. "இந்த வருஷம் ஆத்தாவுக்கு ஆடி ரொம்ப நீளம்" என்று முனிசாமி அண்ணன் கேலி செய்ய, பெண்கள் சிரித்துக்கொண்டே ஆவணியிலும் கிளம்பினார்கள். இந்த முறை இன்னும் தள்ளி, பங்களாக்கள் இருந்த தெருவுக்குப் போனார்கள். வேப்பிலைக் கொத்தோடு கூடவே போன எனக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது, அது என் வகுப்புத் தோழி சுசீலாவின் தெரு. நான் ஒரு குல்மொஹர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பதினொரு வயதுப் பெண்ணை மறைக்கும் அளவுக்கு அந்த மரம் பெருத்திருக்கவில்லை.

மறுநாள் பள்ளி இடைவேளையில் சுசீலா கேட்டாள், "நேத்து பாடினது உங்க அம்மாவா?"

"வேண்டுதல்" என்றேன்.

"ஆடிதான் முடிஞ்சு போச்சே?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். சுற்றி இன்னும் நான்கைந்து பெண்கள் நின்றார்கள். "மில்லை மூடிட்டாங்க. அவங்களுக்கெல்லாம் சாப்பாட்டுக்கு இல்ல. அதான் சாமி பேரச் சொல்லி வாங்கறாங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க வீட்ல அப்படி இல்ல. எங்கம்மா சும்மா பாடறதுக்குத்தான் கூடப் போறாங்க" என்றும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறும் நான் வேப்பிலையோடு கூட நிற்க, சுசீலா வீட்டு வாசலில் அம்மா பாட்டின் முதல் அடியை முடிக்கும் முன்பே சுசீலாவின் அம்மா இறங்கி வந்தார். பின்னால் வேலைக்காரர் ஒருவர் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் நல்லவர், கண்கூடக் கலங்கியிருந்தது.

"பாடியெல்லாம் கஷ்டப்பட வேணாம்மா. உங்க பொண்ணு எல்லாம் சொல்லிட்டா. எடுத்துட்டுப் போங்க, பாவம்."

பம்பை நின்றது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. விரித்திருந்த முந்தானையை நிதானமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஆத்தாவுக்குப் போதும்மா. வேண்டுதல் முடிஞ்சுது" என்று கும்பிட்டுவிட்டு நடந்தாள். அரை வயிற்றோடு பாட வந்த அத்தனை பெண்களும் ஒரு மூட்டை அரிசியை அங்கேயே விட்டுவிட்டு அவள் பின்னால் நடந்தார்கள். நானும் நடந்தேன். வழி நெடுக என் கையில் அந்த வேப்பிலை இருந்தது, எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அண்டா ஏறவில்லை. அவரவர் அடுப்பை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எந்தக் கூரையிலிருந்து புகை வரவில்லை என்பது அன்றைக்குத்தான் கல்லிக்கே தெரிந்தது. எங்கள் கூரையும் அதில் ஒன்று. முனிசாமி அண்ணன் பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு குடும்பத்தோடு கோலார் பக்கம் போய்விட்டார். பம்பையையும் கொண்டுபோனாரா, விற்றாரா, தெரியாது. கார்த்திகையில் மில் திறந்தது. அம்மா அதன் பிறகு பாடவில்லை.

அவள் என்னை அடிக்கவும் இல்லை. அரிசியை விட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலம் எனக்குத் தலை பின்னும்போது மட்டும், "நீ பொய் சொல்லல. உள்ளதத்தான் சொன்ன. பொய் சொல்லியிருந்தா நாலு போட்டிருப்பேன்" என்றாள்.

போன ஆடியில் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஓட்டு வீடுகள் போய் மாடிகள் எழுந்துவிட்டன, அண்டா வைத்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. கூழ் இன்றும் ஊற்றுகிறார்கள், தாராளமாகவே. பாட்டுக்கு ஒலிபெருக்கி இருக்கிறது. மடி விரித்து வாசலில் வந்து நிற்பவர்கள்தான் இல்லை. அப்படி ஒரு வழக்கம் இருந்ததா என்று கூழ் ஊற்றிய பெண் என்னிடமே கேட்டாள். வரிசையில் நின்று ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

"எங்க வீட்ல அப்படி இல்ல" என்று நான் சொன்னது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. அவள் போய் இருபது வருஷம் ஆகிறது. அந்த நாலு அடி இன்னும் என் முதுகில் விழவில்லை.