போன் வைத்த பெயர்

என் அரிவாள்மணையின் கட்டை பிளந்துவிட்டது. அதே மாதிரி வேறொன்று எங்கே கிடைக்கும் என்று பார்க்க, மகள் அதைப் போனில் படம் எடுத்துத் தேடினாள்.

"மா, இது போண்டியாம். பெங்காலி வீட்டுச் சாமான்னு போட்டிருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெங்காலிகள் தங்கள் அரிவாள்மணையை அப்படிச் சொல்லிக்கொள்ளட்டும்; எங்கள் பக்கம் சொத்தையெல்லாம் தொலைத்து நிற்கிறவனைத்தான் போண்டி என்போம். திருநெல்வேலிக் கொல்லன் அடித்து, என் கல்யாணச் சீரோடு கல்கத்தாவுக்கு ரயிலேறி வந்த சாமானுக்கு இப்படி ஒரு பெயரா?

போன்மேல்தான் எனக்குச் சந்தேகம். நாங்கள் கல்கத்தாவில், பாலிகஞ்சில் இருப்பதை மோப்பம் பிடித்துக்கொண்டு, இந்த ஊருக்குத் தகுந்தபடி பேசுகிறது. திருநெல்வேலியில் இருக்கும் தங்கையைக் கூப்பிட்டு, அவளுடையதைப் படம் எடுத்துத் தேடச் சொன்னேன்.

"அருவாமணைன்னுதான் சொல்லுதுக்கா" என்றாள்.

"பாத்தியா! இருக்கிற ஊரைப் பாத்துப் பேர் வைக்குது" என்றேன் மகளிடம்.

அவள் சிரித்துக்கொண்டே போனை என் முகத்துக்கு நேராகத் தூக்கினாள்.

"உன்னையும் ஒரு படம் எடுத்து, எந்த ஊர்க்காரின்னு கேக்கட்டுமா மா?"

"ஒண்ணும் வேண்டாம்" என்று சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அரிவாள்மணை வந்த அதே ரயிலில்தான் நானும் வந்தேன்.