ஏலக்காய் வாசம் ஏறிய தோல் வில்லைகள்

போடியில் நான் பார்த்த முதல் வேலை, பில்லியர்ட்ஸ் குச்சியின் நுனியில் ஒட்டும் தோல் வில்லை செய்வது. மெல்லிய எருமைத்தோலை வட்டமாக வெட்டி, பசை தடவி அடுக்கி, இறுக்கி அழுத்தி, நிழலில் ஆறவிட்டுக் காயவைப்போம். பிறகு லேத்தில் கொடுத்து மேல்பக்கத்தைக் குவிவாகக் கடைந்து, ஓரத்தை ஈரத்துணியால் தேய்த்து மெருகேற்றுவோம்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். மேஸ்திரிக்கு அதுவே ஆகாது. அவர் முதலாளியம்மாவின் தம்பி. அதற்குமுன் குரங்கணி மலைக்கு மேலே, ஸ்டோர் என்று சொல்லும் உலர்த்துக்கூடம் ஒன்றில் நெருப்புப் போட்டு ஏலக்காய் காயவைத்துக்கொண்டிருந்தவர்.

சென்னை வியாபாரி ஒருவர் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். அந்த லோடு தேறினால் எனக்கு வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து விடாத சாரல். வில்லைகள் காயவே இல்லை.

"எல்லாத்தையும் கொண்டா. ஜீப்புல ஏத்தி ஸ்டோர்ல போட்டா வெரசா காஞ்சிரும்" என்றார் மேஸ்திரி.

"சூட்டுல பசை விட்டுரும்ணே."

"பச்சை மாறாம ஏலக்காயக் காயவச்சவன்டா நானு. எனக்கே சொல்றியாக்கும்? காலேசுல தோலு உரிக்கவா சொல்லிக்குடுத்தாக?"

மலையிலிருந்து திரும்பிவந்த வில்லைகளில் முதலாவது, உளி பட்டதுமே அப்பளம்போல் ஏடு ஏடாகப் பிரிந்தது. அடுத்ததும் அப்படியே. மேஸ்திரி கூசாமல் முதலாளியிடம் சொன்னார்: "பசைய இவந்தான் கலக்குனான் மாமா."

நான் ஒரு வில்லையை முதலாளியின் மூக்கருகே நீட்டினேன். "மோந்து பாருங்க." விறகுப்புகையும் ஏலக்காயும் கலந்த வாசம். போடிக்காரருக்கு அதை விளக்கவா வேண்டும்?

"தெரியுதுப்பா. அதுக்காக மாப்ளைய விட்டுக்குடுக்க முடியுமா? போனைப் போட்டுத் தாரேன். பசைய நாந்தான் தப்பாக் கலக்குனேன்னு வியாபாரிகிட்ட நீயே சொல்லிரு. ஒன் வேலை நெலைச்சிரும்."

மேஸ்திரி சிரித்தார். "சொல்லுடா பட்டதாரி. இங்கிலீசுலயே சொல்லு."

போனை வாங்கினேன். "ஐயா, பசையில கொறையில்ல. ஒங்க வில்லைய ஏலக்காய் ஸ்டோர்ல போட்டு வறுத்துட்டாக" என்றேன். மேஸ்திரி பாய்ந்து பிடுங்குவதற்குள் இன்னொரு தரமும் சொல்லிவிட்டேன்.

"இனிமே இந்த ஊர்ல எவன்டா ஒனக்கு வேலை குடுப்பான்?"

"ஒங்க மாமா குடுக்காம இருந்தாப் போதும்ணே."

கையுறையைக் கழற்றி லேத்தின்மேல் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போக சிலமலை பஸ்சைப் பிடித்தேன். அவர்கள் இருவரையும் பஸ் ஸ்டாண்டில் இப்போதும் பார்க்கிறேன். மாமனுக்கும் வணக்கம் வைப்பதில்லை, மாப்ளைக்கும் வைப்பதில்லை.