அப்பள விளம்பரத்தின் மெட்டு

என் வீட்டுக்காரருக்கு டிவியில் பிடித்தது விளம்பரம் மட்டும்தான். சீரியல் ஓடும்போது எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். இடைவேளை வந்ததும் ஈரக்காலோடு ஓடிவந்து நாற்காலி நுனியில் உட்காருவார். ஊரோடு ஒத்துவாழ்வது அவர் ஜாதகத்திலேயே இல்லை. கேட்டால் எனக்குப் பாடம் எடுப்பார்.

"முப்பது செகண்டுல ஒருத்தன சிரிக்க வெச்சி, சாமானையும் ஞாபகத்துல வெக்கணும்னா சும்மாவா? உன் சீரியல்காரன் மூணு வருசமா அழ வெச்சிகினு இருக்கான். ஒண்ணாவது மனசுல நிக்குதா?"

அவருக்குக் கம்மாபுரம் பக்கம் ஊர். நிலம் சுரங்கத்துக்குப் போனதில் பெர்மனென்ட் வேலை கிடைத்து, நிலக்கரி போகும் பெல்ட்டுப் பிரிவிலேயே காலம் தள்ளியவர். அங்கே கேன்டீனில் அவர் செய்யும் விளம்பர நடிப்புக்கு ஒரு ரசிகர் கூட்டமே உண்டு. முட்டிவலித் தைல விளம்பரம் ஒன்று. கிழவர் மலைக்கோயில் படியில் கால் வைப்பார், அவருடைய முட்டி வாய் திறந்து, "நான் வரல, நீ போய்ட்டு வா!" என்று சொல்லிவிடும். கிழவர் குரல், முட்டியின் குரல் இரண்டையும் இவரே பேசுவார். எல்லாவற்றுக்கும் மேலே அப்பள விளம்பரம். பந்தியில் மாப்பிள்ளை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பார். முகூர்த்த நேரமாகிறது என்று கூப்பிட வருகிறவர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் ஐயரும் உட்கார்ந்துவிடுவார். "மொறுமொறுன்னு மொறுமொறுன்னு மிச்சம் வெக்க மாட்டேனே" என்று பாட்டு வரும். அதை இவர் தோளை ஆட்டிப் பாடினால், ஷிப்டு முடிந்து களைத்துப்போய் வருகிறவனும் நின்று சிரித்துவிட்டுத்தான் போவான் என்று சொல்வார்கள்.

ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. காலை ஷிப்டு முடிந்து வந்தவர் ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார், கை கேட்கவில்லை. ஆஸ்பத்திரி, மருந்து, பயிற்சி என்று அலைந்ததில் ஒன்றரை மாதத்தில் கையும் காலும் ஓரளவு திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும், பதிலுக்கு வாய் அசையும், வார்த்தை வராது. முப்பது வருஷம் வீடு அதிரக் கூப்பிட்ட என் பெயர்கூட வரவில்லை.

ஒருநாள் காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் யாரோ தெளிவாக, "நான் வரல, நீ போய்ட்டு வா!" என்றார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், இவர்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வலிக்கிறது என்று சொல்கிறார்! நான் சிரித்தேன், பிறகு அடக்கமாட்டாமல் அழுதேன், தோசை கருகிப்போனது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் விளம்பரம்தான் பாஷை. டீ வேண்டுமானால், மாமியாரும் மருமகளும் சண்டையை நடுவில் நிறுத்திவிட்டு டம்ளரை எடுக்கும் விளம்பரத்திலிருந்து, "சண்டை அப்புறம், டீ முதல்ல." குளிக்கவேண்டும் என்றால் சோப்புப் பாட்டு. மூன்று நாளாகியும் கிளம்பாத ஒரு உறவுக்காரரைப் பார்த்து, கொசுவத்தி விளம்பரத்தின் வசனத்தை எடுத்துவிட்டார்: "வந்த வழியே போயிடு ராசா." அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். சொன்னவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், "இன்னொண்ணு சொல்லுங்க மாமா" என்று ஆரம்பித்ததும் எனக்குக் கோபம் வந்தது. என் புருஷன் என்ன பொருட்காட்சியா? "டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காரு" என்று வாசலோடு திருப்பி அனுப்பினேன். அவர் பிரிவிலிருந்து போன் வந்தால், "இப்ப நல்லா பேசறாருங்க, தூங்கிகினு இருக்காரு" என்றேன். கௌரவம் பார்த்தேன். அந்தப் பொய்யின் விலை அப்போது தெரியவில்லை.

அவர் மனதில் ஒரே ஒரு ஆசை இருந்தது. ஓய்வு பெறும் மாதத்தின் கடைசி நாளில் பிரிவில் விழா வைப்பார்கள். சால்வை, மாலை எல்லாம் போட்டு, ஓய்வு பெறுகிறவரை நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். பிறகு எல்லாரும் வண்டியில் கூடவே வந்து அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். எத்தனையோ பேருடைய விழாவில் கைதட்டியவர் இவர். தன் முறை வரும்போது பேசவேண்டும் என்று காலண்டரைத் தொட்டுக் காட்டுவார், நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். வெள்ளைச் சட்டையைத் தானே எடுத்து அலமாரிக் கதவில் மாட்டிவைத்தார். விழா மேடையில் இவர் வாயிலிருந்து சோப்புப் பாட்டு வந்தால் என்ன ஆகும்?

புதுச்சேரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். "பாட்டும் பழகின வசனமும் மூளையில வேற எடத்துல பதிஞ்சிருக்கும்மா. அந்த மெட்டுலயே புது வார்த்தைய மெல்ல ஏத்திப் பாருங்க. ஆனா அவர் சொல்றத தடுக்காதீங்க, அவசரமும் வேணாம்."

வழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டேன். பக்கத்து ப்ளாக் பிள்ளைகளுக்கு இருபது வருஷம் டியூஷன் எடுத்தவள் நான். எதையும் மனப்பாடம் செய்யவைப்பேன் என்று எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் எனக்குப் பெயர். அப்பள மெட்டில் வரி கட்டினேன்: "எல்லாருக்கும் எல்லாருக்கும் நன்றி சொல்ல வந்தேனே." அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

நாற்பது நாள் பயிற்சி. டிவி பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். பழைய வரி வந்தால் புதிய வரி நிற்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். "சண்டை அப்புறம்" என்று அவர் தொடங்கினால், டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அது வேணாம். டீன்னு சொல்லுங்க" என்பேன். அவர் உதடு குவியும், ஒன்றும் வராது. டீ ஆறிப்போகும். முட்டியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தால் விரலை ஆட்டுவேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார். பாவி நான், அதைப் பயிற்சி என்று நினைத்தேன்.

நன்றி வரி மட்டும் வந்தது. முதலில் மெட்டு, பிறகு பாதி, பிறகு முழுதும். விழாவுக்கு முதல்நாள் முப்பது தடவை சொன்னார், ஒரு தடவைகூடப் பிசகவில்லை. நெய் ஊற்றிப் பொங்கல் வைத்தேன்.

விழாவில் கூட்டம் நிறைந்திருந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாலை விழுந்தது, சால்வை விழுந்தது, மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். அந்த நொடியில் பின்னாலிருந்து ஒருத்தர் ஆசையாகக் கத்தினார்: "அண்ணே, கடைசியா ஒருவாட்டி அப்பளம்!"

"மொறுமொறுன்னு..." என்று வந்துவிட்டது.

கூடமே வெடித்துச் சிரித்தது. அவர் பதறித் தலையை ஆட்டினார். இல்லை, இதில்லை என்கிற ஆட்டல். அதையும் நடிப்பு என்றே நினைத்து விசிலடித்தார்கள். மறுபடி முயன்றார், மறுபடியும் மொறுமொறு. நான் உதட்டசைவில், "எல்லாருக்கும், எல்லாருக்கும்" என்று காட்டினேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டே மூன்றாம் முறையும் மாப்பிள்ளையின் அப்பளத்தைத்தான் பாடினார். இந்த முறை மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி. செல்போன்கள் உயர்ந்திருந்தன. மேடையில் இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். யாரையும் குற்றம் சொல்லமுடியாது. நன்றாகப் பேசுகிறார் என்று சொன்னவள் நான்தானே.

எழுந்து, "சிரிக்காதீங்க" என்று கத்தியிருக்கலாம். கத்தினால், இத்தனை நாளாக நான் மறைத்துவைத்தது அத்தனை பேர் முன்னால் உடைந்துவிடும். கத்தாவிட்டால் அவர் அங்கே தனியாக நிற்பார். இரண்டில் எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மடியில் கையைப் பிசைந்துகொண்டு, கையாலாகாதவளாக உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிரிவுத் துயரம் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வீட்டில் கொண்டுவந்து விட்டபோது ஒருத்தர் என்னிடம் வந்து, "அண்ணி, அண்ணன் கொஞ்சம்கூட மாறல. இந்த மாரி ஒரு விழா இதுவரைக்கும் நடந்ததே இல்லீங்க" என்றார். மனதாரச் சொன்னார். சாயங்காலம் நெல்லிக்குப்பத்திலிருந்து என் தங்கை அந்த வீடியோவையே எனக்கு அனுப்பியிருந்தாள், சிரிக்கும் பொம்மைகளோடு. அத்தான் கலக்கிட்டாராம்.

மறுநாளே டிவி பிளக்கைச் சொருகினேன். விளம்பரம் வந்தால் சத்தத்தைக் கூட்டினேன். நானே தோளை ஆட்டி அப்பளப் பாட்டைப் பாடிக்கூடப் பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டீ கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார், கொண்டுபோகாவிட்டால் கேட்கமாட்டார். நன்றி வரியும் இல்லை, சோப்பும் இல்லை, கொசுவத்தியும் இல்லை. டாக்டரம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் "காத்திருங்கம்மா" என்றார். ஐந்து மாதமாகக் காத்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் கட்டில் விளிம்பில் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார், நெற்றியெல்லாம் வியர்வை. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். என்னைப் பார்த்தார். தப்பாகச் சொல்லித் திட்டு வாங்குவதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று முடிவு செய்துவிட்ட பிள்ளையின் முகம். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து தலையிலிருந்து ஒவ்வொரு இடமாக அழுத்திக் கேட்டேன். இங்கயா? இங்கயாங்க? விலாவைத் தொட்டபோது கண் கலங்கியது. வலி அங்கேதானா, நான் கேட்கிற கேள்வியிலா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்.