ரேடியம் சுட்ட வயிறு

காய்ச்சலுக்குக் குயினைன், மலச்சிக்கலுக்குப் பேதி உப்பு. இந்த இரண்டும் கைவசம் இருந்தால் தோட்டத்து மருந்தறையைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸரின் பிழைப்பு ஓடிவிடும். மலாயாவில், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், பொன்னம்மா சிங்கப்பூரிலிருந்து திரும்பி வரும்வரை. என்னைப்போல் வெறுங்கையோடு நோயாளி முன்னால் நின்றவர்களுக்கு மற்றதெல்லாம் சொல்லாமலே விளங்கும்.

முட்டை

பொன்னம்மா எங்கள் தோட்டத்து ரப்பர் பால்வெட்டுக்காரி. கர்ப்பப்பையில் புற்று. சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் ரேடியம் வைத்து அனுப்பியிருந்தார்கள். புற்று அடங்கிற்று, கூடவே குடலும் வெந்துபோயிற்று. பகலில் மட்டும் பத்துப் பதினைந்து தடவை கக்கூசுக்கு ஓடினாள். குழைந்த கஞ்சி, பார்லித் தண்ணீர், அவித்த முட்டை என்று சத்தாகக் கொடுத்து உடம்பைத் தேற்றும்படி டாக்டர் எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தோடு, முட்டைக்கு அனுமதி கேட்டு, தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி படித்தார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக் காட்டாமலே மடித்து என்னிடம் நீட்டினார்.

"வேலைக்கு வராத ஆளுக்கு முட்டை குடுத்தா, நாளைக்குத் தோட்டமே படுத்துக்கும், டிரஸ்ஸர்."

மால்ட்

ரோஷத்தோடு பாய் கடைக்குப் போய், மீனெண்ணெய் கலந்த மால்ட் ஒரு போத்தல் நானே வாங்கி வந்தேன். சத்து என்றால் அதுதான் சத்து என்று நினைப்பு. தினமும் இரண்டு கரண்டி கொடுத்தேன். நாலாம் நாள் அவள் புருசன் கருப்பையா ஓடிவந்தான். போய்ப் பார்த்தால், அவர்கள் குடியிருந்த லயத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. எண்ணெய்ப் பசை அந்த வயிற்றுக்கு ஆகாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் நாளே வயிறு கூடுதலாகப் போயிருக்கிறது. அவள் வாய் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன், என் தப்புக்கு அவளை.

"நீங்க ஒருத்தர்தான் குடுத்தீங்க. அதை எப்படிங்கய்யா வேணாம்னு சொல்றது?"

பெரட்டு

பிறகு மால்ட்டை நிறுத்தினேன். வடிகட்டிய அரிசிக் கஞ்சியில் உப்பு, அவித்து மசித்த வாழைக்காய், கருப்பையா எங்கிருந்தோ கொண்டுவந்த முட்டை. கொஞ்சங் கொஞ்சமாக வயிறு கட்டுப்பட்டது. ஒருநாள் லயத்து வாசலில் எழுந்து நடந்தாள். அதுதான் வினையாயிற்று. கிராணி பார்த்துவிட்டார். மறுநாள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று நான் எழுதிக் கொடுத்த தாள் என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது.

ரப்பர் காட்டில் கக்கூஸ் ஏது? மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியவளைக் கங்காணி எல்லார் முன்னாலும் ஏசியிருக்கிறான். ஒரு வாரத்தில் அவளுக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. கஞ்சி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

"குடிச்சாத்தானேங்கய்யா போவுது. வெறும் வயித்தோட இருந்தா வெட்டு முடியிறவரைக்கும் தாங்குது."

கப்பல்

அந்த மாதமே மரத்தடியில் விழுந்தாள். இப்போது மட்டும் துரை உடனே கையெழுத்துப் போட்டார்: உழைக்க லாயக்கில்லை, கப்பலேற்றி ஊருக்கு அனுப்பு. லாரி ஏறுமுன் கருப்பையாவைத் தனியே கூப்பிட்டு, கப்பலில் குழைந்த கஞ்சி கேட்டு வாங்கு, எண்ணெயும் காரமும் கொடுக்காதே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் தலையாட்டிக் கேட்டான். பொன்னம்மா லாரிக்குள் சாக்கின்மேல் சுருண்டு கிடந்தாள். கருப்பையா அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"கப்பல் ஏத்துற டிப்போவுல ஆள் விட்டுக் கேட்டுட்டேங்கய்யா. கப்பல்ல எல்லாருக்கும் ஒரே சோறுதானாம்."

வெந்த குடலுக்கு எது ஆகும், எது ஆகாது என்று இன்றைக்கு யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அதைக் கொடுக்க யாரிடம் அனுமதி வாங்குவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.