அண்ணன்மார் இருவர், நடுவில் அத்தை

அத்தையின் ஆங்கில வகுப்பில் கரும்பலகை கிடையாது. ஆட்கள்தான் பலகை. 'அண்டர்' என்றால் மருந்துக்கடைப் பெண் மேசைக்கு அடியில் போய் உட்கார வேண்டும். 'பிஹைண்ட்' என்றால் லாரி டிரைவர் கதவுக்குப் பின்னால் நின்று, "டீச்சர், வெளிய வரலாமா?" என்று பரிதாபமாகக் கேட்பார். நின்று காட்டியவர் விலகியதும் மற்றவர்கள் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அது அவள் முறை.

வீட்டிலும் அத்தைக்கு இதே வேலைதான். கீழ்வீட்டில் பெரியப்பா, மேல்வீட்டில் என் அப்பா. தண்ணீர்த் தொட்டி வழிந்ததில் தொடங்கிய சண்டை; பேச்சுவார்த்தை நின்று பல வருடமாகிறது. பெரியப்பா தொண்டையைச் செருமுவார்: "ஏம்மா, மகாராஜாகிட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லு." அப்பா பக்கத்திலேயே நின்று மூக்கால் பேசுவார்: "எனக்கும் காது இருக்குன்னு துரைகிட்ட சொல்லு."

வெளியூர் ஹோட்டல் ஒன்று ஊழியர்களுக்குச் சொல்லித்தர அத்தையைக் கூப்பிட்டிருந்தது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனாலும் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "நான் போயிட்டா இதுங்க ரெண்டும் யார் வழியாடா பேசும்? வீடே மிதக்கும்."

அன்று மொட்டைமாடி அறையில் பாடம் 'பிட்வீன்'.

"இதோட வயித்துக்குள்ள ரெண்டுங்கற எண் உட்கார்ந்திருக்கு. பழைய இங்கிலீஷ்ல 'பக்கத்துல'ங்கற சொல்லும் 'ரெண்டு'ங்கற சொல்லும் சேர்ந்து வந்தது. ட்வின், ட்வைஸ் எல்லாம் இதுக்குச் சொந்தக்காரங்க."

"மூணு பேர் இருந்தா, டீச்சர்?" என்றார் டிரைவர்.

"கூட்டமா கலந்திருந்தா அமாங். தனித்தனியா தெரிஞ்சா மூணு பேருக்கும் பிட்வீன் போடலாம். மூணு அண்ணன் தம்பி சொத்தைப் பிரிச்சுக்கற மாதிரி."

"அதுக்கு வக்கீலுல்ல வேணும்!" என்றார் டிரைவர்.

அப்போது பெரியப்பா மூச்சு வாங்க ஏறி வந்தார். "மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும்மா, கேளு அவனை." பின்னாலேயே அப்பா: "இன்னிக்குப் போட்டது யாருன்னு அவரைக் கேளு."

பாட வேகத்தில் அத்தைக்கு அவர்கள் வெறும் ரெண்டு ஆட்கள். தோளைப் பிடித்து எதிரெதிரே நிறுத்தி நடுவில் நின்றாள். "ஐ ஆம் ஸ்டாண்டிங் பிட்வீன் மை பிரதர்ஸ்." பழக்க தோஷம், உடனே விலகியும் விட்டாள்.

அவள் திரும்பி வந்து நிற்கக் காலெடுத்தாள்; பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா வழக்கம்போல் செருமி, அத்தை நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கே அப்பாவின் முகம் இருந்தது.

"என்னடா, தலையில ஒரு முடிகூட மிச்சமில்ல உனக்கு?"

"உங்களுக்கு மட்டும் காடா மண்டிக் கிடக்குதாக்கும்."

வெளியே தொட்டி வழியத் தொடங்கியது. "போய் நிறுத்துடா!" "நீங்கதானே போட்டீங்க, நீங்க போங்க!" இருவரும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு இறங்கினார்கள். யாரும் அத்தையைக் கூப்பிடவில்லை.

கீழே சத்தம் ஓயும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"டேய், அந்த ஃபோனை எடு," என்றாள் என்னிடம். "ஹோட்டல்காரங்ககிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்."