தந்தையின் விசைப்பட்டியல்

தந்தை மறைந்தபின், மந்தைவெளியில் அவர் நடத்திய தட்டச்சு நிலையத்தின் கணினியைத் திறந்தேன். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டியதும், ஒவ்வொரு விசைக்கும் அவர் ஒதுக்கியிருந்த வாசகங்கள் வரிசையாகத் தோன்றின.

சிறுவயதில், சூடான காகித வாசம் நிறைந்த அக்கடையில் அவர் மடியிலமர்ந்து கேட்டிருக்கிறேன்.

"ஒரு பட்டன்ல இம்மாம் வரி எப்டி நைனா வருது?"

"அடிக்கடி அடிக்கிறத மட்டும் அதுல சொல்லி வெச்சிருக்கேன் கண்ணு. கை நோவாதுல்ல."

பேச்சு மேடைகளில் எனக்குப் பரிசுகள் குவியத் தொடங்கியதும் ஒருநாள் சொன்னேன்: "நீ வராத நைனா. உன் பேச்சக் கேட்டா சிரிப்பாங்க."

"எனுக்கும் கடைல வேல கீது கண்ணு" என்றார்.

எட்டாவது விசையில் இருந்த வாசகம் இது: 'மகளுக்குப் பேச்சுப் போட்டி. இன்று கடை விடுமுறை.'

எந்த அரங்கிலும் நான் கடைசி வரிசையைப் பார்த்ததில்லை.