தாய்மாமனின் ஏழாம் நம்பர் சப்பாத்து

கஜேந்திரனின் காலுக்கு எட்டாம் நம்பர் வேண்டும். சப்பாத்தோ ஏழு. கட்டுகஸ்தோட்டையில் ஹாட்வெயார் கடை வைத்து, ஊருக்கெல்லாம் ஆணியை அளவு பார்த்துக் கொடுக்கிற மனிதர், தன் கால் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

பழைய கூடைப்பந்துச் சப்பாத்தின் புதுத் தயாரிப்பு அது. கணுக்காலை மூடும் கழுத்து, வெள்ளைத் தோலில் சிவப்புப் பட்டை, குதியில் காற்றுப் பை. பள்ளிக்கூட நாட்களில் போஸ்டரில் பார்த்து ஏங்கிய அதே டிசைன். இப்படிப்பட்டவற்றைச் சேர்த்து விற்கும் திகன ஊர் லாபிரிடம் ஒரு சோடிதான் இருந்தது.

"போடப் போட தோல் இளகும், பயப்படாதீங்க" என்றான் லாபிர்.

போட்டால்தானே இளகும்? மடிப்பு விழுந்துவிடுமென்று மனிதர் அதை அலுமாரியில் வைத்துக் கும்பிடாத குறைதான்.

அக்கா மகள் கஜனியின் கல்யாணத்துக்குத்தான் வெளியே எடுத்தார். கல்யாணமோ கோயிலில், சப்பாத்தோடு உள்ளே போக முடியாது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். வேட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டி, வெளிவாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்தார். பாதிப் பன்னீர் நாடாவில் விழுந்து முடிச்சு இறுகியதும், நின்று நின்று கால் வீங்கியதும் அவருக்கு உறைக்கவில்லை. ஒருவராவது குனிந்து பார்க்கமாட்டாரா என்பதே கவலை.

அக்கா பாலாம்பிகை ஓடி வந்தாள். "தம்பி, பொண்ண மணவறைக்கு நீதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரணும். ஐயர் கூப்புடுறாரு. கழட்டுடா!"

இழுத்தார். வரவில்லை. மாப்பிள்ளையின் தம்பி யுகேஷ் காலைப் பிடித்து இழுத்தான். சப்பாத்து அப்படியே இருக்க, கஜேந்திரன்தான் வாசல் நெடுக இழுபட்டார்.

"முகூர்த்தம் போகுது. சித்தப்பா கூட்டிட்டு வரட்டும்னு சொல்றாங்க. மாமா வராம எந்திரிக்க மாட்டேன்னு கஜனி உள்ள உக்காந்திருக்கா." அக்காவின் குரல் உடைந்தது.

கஜேந்திரன் எழுந்து உட்கார்ந்தார். பூக்காரரிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கி, சப்பாத்தைத் தானே வெட்டினார். தோல் லேசில் விடவில்லை.

"பாத்தியாக்கா? ஒரிஜினல்! டூப்ளிகேட்டா இருந்தா ஒரே வெட்டுல போயிருக்கும்."

வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு போய்க் கஜனியின் கையைப் பிடித்தார். கண்ணீர் நிற்கவில்லை. தாய்மாமன் பாசத்தைப் பார்த்துப் சபையே உருகியது.

கஜனி மட்டும் காதோரம் கேட்டாள்: "மாமா, சப்பாத்துக்கா அழுவுறீங்க?"

"இந்தக் கண்ணு ஒனக்கு" என்றார் மூக்கை உறிஞ்சியபடி. "அந்தக் கண்ணு அதுக்கு."